வெறுந்தண்ணீர்

அந்தப் பூட்டு அப்படித் திறக்காது, தம்பி. சாவியை நுழைத்த பின், கதவைச் சற்று நம் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். பலம் காட்டாதீர்கள், சாவி முறிந்துவிடும். விடுங்கள், பிறகு நானே வந்து திறந்து தருகிறேன். வெயில் ஏறிவிட்டது. இப்படி எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வாருங்கள். அந்தத் துவைகல்லின்மேல் உட்காரலாம். அடுப்பைப் பார்த்து வாருங்கள். அண்டாவில் கை பட்டுவிடப் போகிறது.

சமையலா? இல்லை, தம்பி. ஒற்றை ஆளுக்கு இவ்வளவு பெரிய அண்டாவில் என்ன சமையல்? இது களைக்கு. இது கொதிப்பதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுவேன். அதன் பிறகு அந்த வீட்டைப் பாருங்கள். பிடித்திருந்தால் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுங்கள்.

வீட்டுக்காரர் தவசிமுத்து என்னைப் பற்றி என்ன சொல்லி அனுப்பினார்? ஒன்றும் சொல்லவில்லையா? சொல்லியிருப்பார். தயங்காதீர்கள். "பக்கத்து வீட்டு சார்வாள்ட்ட பேச்சுக் குடுத்துராதீங்க" - அவ்வளவுதானா? தொடையைக் காட்டவில்லையா? வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் வேட்டியை விலக்கித் தொடையைக் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். அது என்ன நாகரிகம்?

நான் வடமலையப்பன். ஓய்வு பெற்ற தமிழாசிரியன். வன்முறை என்பது எனக்கு அறவே ஆகாது. பணிக்காலம் முழுவதும் நான் பிரம்பைத் தொட்டதே இல்லை. அடிமட்டம் உண்டு, அதையும் தட்டையாகப் பயன்படுத்தியதில்லை, விளிம்பால்தான். விரல்முட்டியில் ஒன்று வைத்தால் போதும். அந்தப் பையனுக்கு ஒற்றுப்பிழை ஆயுளுக்கும் வராது. அடிப்பது வேறு, திருத்துவது வேறு. அந்த வேறுபாடு தவசிமுத்துவுக்குத் தெரியாது. துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவர். மேலிருந்தே மனிதர்களைப் பார்த்துப் பழகிவிட்டவர்.

இந்தக் கிணற்றைப் பாருங்கள். நடுவே சுவர் செல்கிறது அல்லவா? பாதி எங்கள் கொல்லையில். பாதி நீங்கள் குடிவரப்போகும் வீட்டுக் கொல்லையில். இரண்டு மனைக்கும் சேர்த்து ஒரே கிணறுதான் அமைந்தது. குறுக்கே சுவரை எழுப்பி, ஆளுக்கொரு உருளை மாட்டிக்கொண்டோம். நம் தூத்துக்குடித் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் உவர்நீர். இந்த ஒரு கிணறு மட்டும் இளநீர் போல ஊறியது. தெருவே குடத்தோடு வந்து நிற்கும். ஆவுடையம்மாள், என் மனைவி, ஒருவரையும் வெறுங்குடத்தோடு அனுப்பியதில்லை.

இப்போது இங்கே இல்லை. கோவில்பட்டியில் மகள் வீட்டுக்குச் சென்றிருக்கிறாள். வந்துவிடுவாள். தோட்டம் சரியானதும் வந்துவிடுவாள்.

சுவரோரமாக நிற்கிறதே, அந்த மொட்டை மரம், அதுதான் நாரத்தை. அவள் பிறந்த ஊராகிய கல்லிடைக்குறிச்சியிலிருந்து, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. எங்களுக்குத் திருமணமான புதிது. வழியெல்லாம் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். நான்தான் வெயிலில் வந்தேன். காய்க்கத் தொடங்கிய பின், பாதிக் காய் எங்களுக்கு, பாதிக் காய் சுவருக்கு அப்பால் செல்வக்கனிக்கு. செல்வக்கனி என்பவள் தவசிமுத்துவின் மனைவி. "மதினி, மதினி" என்று சுவரின்மேல் தாடையை வைத்துக்கொண்டு இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். பேச்சில் எழுவாய் இருக்காது, பயனிலை இருக்காது. ஆனாலும் இருவருக்கும் எல்லாம் புரிந்துவிடும்.

களைக்கு வருகிறேன். கோரையை நீங்கள் அறியமாட்டீர்கள், தம்பி. மேலே பார்த்தால் புல். கீழே கிழங்கு. கிழங்கிலிருந்து நூல் போல ஒரு வேர். அதன் முனையில் இன்னொரு கிழங்கு. மேலிருப்பதைப் பிடுங்கினால் கீழிருப்பது விழித்துக்கொள்கிறது. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எனக்குப் போவதற்குப் பள்ளி இல்லை. எழுந்து, குளித்து, சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனாவைச் செருகிக்கொண்டு, இந்தக் கொல்லையில் வந்து நின்றேன். எதிரே வரிசையாகக் கோரை நின்றது. நிமிர்ந்து நின்றது.

முதலில் களைச்சுரண்டியால் தொடங்கினேன். கழுத்தைப் பார்த்துச் செருக வேண்டும். செருகியபின் ஒரு திருகு. கிழங்கு நசுங்கும்போது ஒரு மணம் வரும். நல்ல மணம். அதை முகர்ந்த பிறகுதான் எனக்குக் காப்பி ருசிக்கும். பிடுங்கியதை அப்படியே போட்டால், அது பனியைக் குடித்தே பிழைத்துக்கொள்ளும். ஆதலால் வேர் வானத்தைப் பார்க்கும்படி வெயிலில் கிடத்துவேன். நண்பகலில் மீண்டும் வந்து, ஈரம் மிச்சமிருப்பவற்றைச் செருப்புக்காலால் தேய்ப்பேன். நெருஞ்சியைக் கொளுத்துவேன். அருகம்புல்லைக் கணுக்கணுவாக அறுப்பேன். சாரணைக்குக் கொதிநீர், ஊற்றியவுடன் இலை சுருண்டு, கண்ணாடி போல ஆகிவிடும். பார்க்க வேண்டிய காட்சி.

நஞ்சு மட்டும் தொடமாட்டேன். உயிர்களிடத்தில் இரக்கம் வேண்டுமல்லவா?

தவசிமுத்துவோ நேரெதிர். கடையில் மருந்து வாங்குவார். தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொள்வார். கைலியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, வாயில் வெற்றிலையோடு, கோவிலில் பன்னீர் தெளிப்பவர்போல இப்படியும் அப்படியும் தெளித்துக்கொண்டே நடப்பார். அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அதன் பிறகு நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டு என்னைப் பார்ப்பார். நான் குத்துக்காலிட்டுக் கிழங்கு தோண்டிக்கொண்டிருப்பேன்.

"சார்வாள், இன்னைக்கு எத்தன பேரு ஃபெயிலு?" என்பார்.

நான் அடுத்த கிழங்குக்கு நகர்வேன்.

"பாவம், ஒரு அஞ்சாறு மார்க்காவது போட்டு வெளிய விடுங்க. புள்ளைக வாடிப் போவுது."

செல்வக்கனி சிரிப்பாள். சொல்வதற்கு வருத்தமாக இருக்கிறது, ஆவுடையம்மாளும் சிரிப்பாள்.

அவர் தெளித்த புல் ஒரு வாரத்தில் மஞ்சளாகி, பின் வைக்கோலாகிவிடும். மழை பெய்தால் திரும்ப முளைக்கும், திரும்பத் தெளிப்பார். நானோ வேரோடு, பரம்பரையோடு ஒழிக்க விரும்பினேன். அதற்காகத்தான் உப்பு.

லிங்கதுரை என்று என் மாணவன் ஒருவன். இப்போது உப்பளத்தில் கங்காணியாக இருக்கிறான். மண் கலந்து, விற்பனைக்கு உதவாது என்று ஒதுக்கிய உப்பை, என்மேல் கொண்ட அன்பினால் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினான்.

"தென்னைக்கா சார்? தூருல ஒரு கை போட்டாப் போதுமே. எதுக்கு இத்தன மூட்ட?" என்றான்.

"எழுதச் சொன்னதை மட்டும் எழுது, இறக்கச் சொன்னதை மட்டும் இறக்கு" என்றேன்.

அதோ, கிணற்றுச் சுவரை ஒட்டி அடுக்கியிருக்கிறேனே, அவைதாம். உப்பைப் பற்றி ஒருவரும் குறை சொல்ல முடியாது, தம்பி. புதுவீடு புகும்போது முதலில் எதைக் கையில் எடுத்துச் செல்கிறோம்? உப்பைத்தானே? குழந்தைக்குக் கண்ணேறு பட்டால் எதைச் சுற்றிப் போடுகிறோம்? உப்பைத்தான். கடல் தந்தது, வெயில் சமைத்தது. இதைவிட இயற்கையான பொருள் உலகில் எது? தண்ணீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்து, கொஞ்சம் புளித்த காடியும் சேர்த்து, தளதளவென்று கொதிக்கவைத்துக் கோரையின் தலையில் ஊற்றினால், மேலே வெப்பம் கொல்லும், கீழே உப்பு கொல்லும். தப்ப வழியில்லை.

இந்த அண்டா எங்கள் மகள் திருமணத்துக்கு வாங்கியது. அதில் ஆவுடையம்மாளுக்குச் சற்று மனவருத்தம்.

"புல்லுக்கு ஊத்துன உப்பு புல்லோட நின்னுக்கிடுமா?" என்று கேட்டாள்.

"நிற்கும்" என்றேன்.

"அதுக்குத் தெரியுமா, எது புல்லு எது மரம்னு?"

படிக்காதவள். அடுப்பில் இன்னும் இரண்டு விறகை வைத்தேன்.

பலன் கைமேல் கிடைத்தது. கோரை கருகியது. அருகு கருகியது. மண்ணின்மேல் வெண்மை பூத்தது; விடியற்காலையில் பார்த்தால், வாசலில் கோலமாவு தூவியதுபோல் இருக்கும். எவ்வளவு தூய்மை! மண்புழுக்கள் கூட மேலே வந்து கிடந்தன. அவற்றைக் கூட்டிப் பெருக்கி அள்ளினேன்.

அந்தச் சமயத்தில்தான் நாரத்தை நோயுற்றது. முதலில் இலையின் விளிம்பு பழுத்தது. பிறகு, நெருப்பில் காட்டியதுபோல் ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டது. பிஞ்சுகள் கொட்டின. ஆவுடையம்மாள் கொட்டிய பிஞ்சுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. மரம் சுவரோரம். சுவருக்கு அப்பால் தவசிமுத்து. அவர் முதுகில் நஞ்சு. இதற்கு மேலும் ஆராய்ச்சி வேண்டுமா?

சொல்லிப் பார்த்தேன். சுவரின்மேல் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டேன். "சார்வாள் படம் காட்டப் போறாரு, திரை கட்டியாச்சு" என்றார். சாக்குகள் காற்றில் பறந்து அவர் வீட்டு மாடியில் விழுந்தன. மடித்து, கல் வைத்து, திருப்பி அனுப்பினார். கல் என் காலில் விழுந்தது. வேண்டுமென்று செய்தாரா என்பதை இன்றுவரை நான் கேட்கவில்லை. ஆனால் மறக்கவுமில்லை.

பிறகு ஆடி மாதம் வந்தது. நம் ஊர் ஆடிக்காற்று, தேரி மணலை அள்ளிக்கொண்டு வந்து கண்ணில் எறியும். அந்தக் காற்றில் ஒரு காலையில் அவர் தெளிப்பானோடு இறங்கினார். நான் இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்று, கொதிக்கும் உப்புநீரை அண்டாவிலிருந்து இரும்பு வாளியில் முகந்துகொண்டிருந்தேன். திடீரென்று என் கன்னம் நனைந்தது. நாக்கில் கசந்தது.

"தவசிமுத்து! காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத் தெளிக்கும் அறிவு உமக்கு உண்டா, இல்லையா?"

"காத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்வாள். நீங்க சொல்லிக் குடுங்க."

"மரம் செத்துக்கொண்டிருக்கிறது. நீர் அதைக் கொல்கிறீர்."

அவர் தெளிப்பதை நிறுத்தினார். சுவரருகே வந்தார். கிணற்றங்கரையில் சுவர் இடுப்பளவுதான் என்பதைப் பாருங்கள்.

"எம் மருந்து மரத்துக்கு எட்டல வே. உம்ம அண்டாதான் எட்டுது. உப்பளத்துல எங்கயாவது ஒரு மரம் நின்னு பாத்திருக்கீரா?" என்றார். வெற்றிலையைத் துப்பினார்; எங்கள் பக்கம் துப்பினார். "நா மருந்தடிக்கேன், நீரு உப்புக் கொட்டுதீரு. ரெண்டு பேரும் கொலகாரப் பயலுவதான். நா ஒத்துக்கிடுதேன். நீரு பாடம் நடத்துதீரு, அம்புட்டுதான் வித்தியாசம்."

என்னை, தம்பி. வாழ்நாளில் பிரம்பைத் தொடாத என்னை, கொலைகாரன் என்றார்.

என் கையில் வாளி இருந்தது.

நான் 'ஊற்றினேன்' என்று அவர் புகாரில் எழுதியிருந்தார். அது சரியன்று. வாளி சுவருக்கு மேல் சாய்ந்தது, நீர் சென்றது. இடுப்புக்குக் கீழே, இரண்டு தொடைகளிலும், இடது கையிலும் சென்றது. அவர் முதலில் கத்தவே இல்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. பன்றியை அடிக்கும் இடத்தில் கேட்டிருப்பீர்கள். கைலி தொடையோடு ஒட்டிக்கொண்டது. செல்வக்கனி அடுக்களையிலிருந்து ஓடிவந்து அதைப் பற்றி இழுத்தாள். இழுத்திருக்கக் கூடாது. சுட்ட கத்தரிக்காயின் தோல் கழன்று வருமே, அப்படி வந்தது.

அதன் பிறகு அவர் சுவரைத் தாண்டினார். அந்தத் தொடைகளோடு எப்படித் தாண்டினார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. கையில் தெளிப்பானின் பித்தளைக் குழாய். முதல் அடியே வாயில் விழுந்தது. முன்பற்கள் இரண்டு போயின. 'த' என்னும் எழுத்தை நான் ஒலிக்கும்போது சற்றே காற்றுப் பிரிவதைக் கவனித்திருப்பீர்கள், அந்த அடிதான். தமிழாசிரியனின் பல்லை உடைப்பது என்ன பண்பாடு? தையற்காரனின் கையை உடைப்பது போன்றதல்லவா?

என் கைக்குக் களைச்சுரண்டி அகப்பட்டது. கழுத்தைப் பார்த்துத்தான் செருகினேன். பழக்கம், தம்பி. அவர் அந்த நொடியில் குனிந்ததால் தோளில் இறங்கியது. செருகியபின் கை தானாகவே ஒரு திருகு திருகியது. எலும்பில் இரும்பு உரசும் ஒலி பல் வரைக்கும் கூசும். எனக்கு முன்பல் இல்லை, ஈறு கூசியது. அவர் என்னை அப்படியே கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, பிடரியைப் பற்றி என் முகத்தை மண்ணில் வைத்துத் தேய்த்தார்.

"தின்னும்! ஒம்ம மண்ணத் தின்னும் வே! எப்படி இருக்குன்னு தின்னு பாத்துச் சொல்லும்!"

வாய் நிறைய மண் புகுந்தது. கரித்தது. அப்படிக் கரித்தது, தம்பி, நாக்கு சுருண்டுவிட்டது. மனிதனுடைய இரத்தம் இவ்வளவு கரிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மூச்சு நின்றுவிடும் என்று நினைத்தபோது அவர் பிடி தளர்ந்தது. பக்கத்தில் சரிந்து விழுந்து, நடுங்கினார். ஆவுடையம்மாள் கிணற்றில் வாளியை இறக்கும் ஓசை கேட்டது. இறைத்தாள், ஓடிவந்தாள். எனக்காகத்தான் இறைத்தாள் என்று எண்ணி வாயைத் திறந்து காட்டினேன். அவள் என்னைத் தாண்டிச் சென்று தவசிமுத்துவின் தொடையில் ஊற்றினாள். மீண்டும் இறைத்தாள். மீண்டும் ஊற்றினாள். "ஆத்தாடி, எரியுது மதினி, இன்னும் எரியுது" என்று அவர் அழுதார். என் மனைவியை அவர் ஏன் மதினி என்று அழைத்தார் என்று தெரியவில்லை. அது செல்வக்கனி அழைக்கும் முறை. அவள் ஊற்ற ஊற்ற எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. அவள் சட்டென்று நிறுத்தி, வாளியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அந்த நேரத்தில் அது ஏன் என்பதும் எனக்கு விளங்கவில்லை. அதிர்ச்சியில் பெண்கள் என்னென்னவோ செய்வார்கள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோ வந்தது. செல்வக்கனியோடு சேர்ந்து அவர் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஏறிச் சென்றுவிட்டாள். என் வாயைக் கழுவிவிட ஆளில்லை.

காவல் நிலையத்தில் என்னைக் கண்ணியமாகவே நடத்தினார்கள். தவசிமுத்துவின் புகாரை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். பிழை மலிந்திருந்தது. 'கொதிக்கும்' என்பதில் ஒரு பிழை, 'தோள்' என்பதில் ஒரு பிழை. பையில் பேனா இருந்தது, திருத்திக் கொடுத்தேன். ஆய்வாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இப்பதான் கேஸு தெளிவா இருக்கு" என்றார். பாராட்டு எங்கிருந்து வந்தாலும் மகிழ்ச்சிதான். இரு தரப்பிலும் காயம் என்பதால், சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, சமாதானமாக முடித்துவிட்டார்கள். தவசிமுத்துவை அவர் மகன் மதுரைக்கு அழைத்துச் சென்றுவிட்டான்; வீடு கேட்பவர்கள் அங்கே போய்த்தான் அவரைப் பார்க்கிறார்கள். இடது கை முழுவதுமாக நீளவில்லையாம். எனக்கும்தான் பல் முளைக்கவில்லை.

ஆவுடையம்மாள் தன் சேலைகளை எடுத்துக்கொள்ள ஒருநாள் வந்தாள். தவசிமுத்து நடமாடிய இந்தத் தெருவைப் பார்க்கவே அவளுக்கு அச்சம். அதனால்தான் மகள் வீட்டுக்குப் போகிறாள் என்று நானே ஊகித்துக்கொண்டேன்.  பையைத் தூக்கிக்கொண்டு, கொல்லைக்கு வந்து மரத்தின் அடியில் நின்றாள். பட்டையைத் தடவினாள். அப்போது ஓரிரண்டு கிளைகளில் இன்னும் பச்சை இருந்தது.

"மரத்துக்குத் தண்ணி ஊத்துங்க" என்றாள். "வெறுந்தண்ணி. வெளிய பைப்புல வார தண்ணி. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். அது பச்சையா இருக்குன்னு சொல்லுங்க, நா வாரேன்."

அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான், தம்பி. மரம் பிழைத்தால் வருவாள். நான் சும்மா இருப்பேனா? வெறுந்தண்ணீர் எதற்குப் போதும்? சுவருக்கு அப்பால் மண்ணெல்லாம் அவருடைய நஞ்சு ஊறிக் கிடக்கிறது. அது மண்ணுக்குள் ஊர்ந்து ஊர்ந்து வந்து வேரைத் தொடும். காவல் வேண்டாமா? எங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தால், கட்டிலைச் சுற்றி உப்பைப் போட்டுவைப்பாள் ஆவுடையம்மாள். தீயது எதுவும் உள்ளே வராது என்பாள். அதை நினைத்துக்கொண்டேன். மரத்தைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்கு வட்டமாகப் பள்ளம் வெட்டி, மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டி நிரப்பினேன். இந்த வயதில், ஒற்றை ஆளாக. கை கொப்புளித்தது. முடித்துவிட்டு, அவள் சொன்னபடியே தண்ணீரும் ஊற்றினேன். நிறைய ஊற்றினேன்.

மரம் நின்றபடியே வெளுத்தது. பட்டை வெடித்தது. ஒரு மாதம் கழித்துக் கிளையை ஒடித்துப் பார்த்தேன், சுள்ளியாக ஒடிந்தது. அந்த அளவுக்கு ஆழமாக நஞ்சை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார் பாவி.

தொலைபேசியில் அவள் எப்போதும் ஒன்றையே கேட்கிறாள்: "வெறுந்தண்ணிதான ஊத்துறீங்க?" நான், "துளிர்க்கிறது, ஆவுடை" என்கிறேன். பொய் அன்று. துளிர்க்கும். காலம் எதிர்காலம், அவ்வளவுதான். அவள் வைத்துவிடுகிறாள்.

நீங்கள் தோட்டத்தைப் பாருங்களேன். ஒரு களை? ஒரு புல்? நான் வென்றேன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். தும்பையும் கீரையும் கோரையும் காடாக மண்டிக் கிடக்கின்றன. ஆடுகள் வந்து மேய்கின்றன. மருந்தின் இலட்சணம் அது.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. இதோ, மரத்தின் அடியில், வட்டத்துக்குள்ளேயே முளைத்திருக்கிறது பாருங்கள். சதைப்பற்றாக, குட்டைக் குட்டையாக, இலை உருண்டையாக, நுனி சிவந்து. இத்தனை ஆண்டுகளில் இந்தக் கொல்லையில் நான் இதைக் கண்டதில்லை. லிங்கதுரை பார்த்துவிட்டு, "சார், இது உமரியில்லா? உப்பளத்து வரப்புல மட்டுந்தான மொளைக்கும்? இங்க எப்படி?" என்றான். பிறகு என்னையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. தவசிமுத்துதான் போகும்போது விதையைச் சுவர் மேலாகத் தூவிவிட்டுப் போயிருக்க வேண்டும். வெட்டினேன், வந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். மேலே வெந்தது, கீழே தழைத்தது. உப்பைக் கூட்டக் கூட்ட அது கொழுக்கிறது, தம்பி. இந்த அண்டா அதற்காகத்தான். இன்று இரட்டிப்பு உப்பு.

பேசிக்கொண்டே உங்களுக்குத் தண்ணீர் கொடுக்க மறந்துவிட்டேன். அந்த வாளியில் இருக்கிறது, காலையில் இறைத்தது. முகந்து குடியுங்கள். நீங்கள் குடிவந்தால் அந்தப் பக்கத்து உருளையில் இறைத்துக்கொள்ளப்போவதும் இதே தண்ணீர்தான். உங்கள் மனைவிக்குப் பிச்சிப்பூக் கொடி வைக்க ஆசை என்றீர்களே, தாராளமாக வைக்கலாம்.

ஏன் துப்புகிறீர்கள்?

கரிக்கிறதா?

ஆம், இப்போதெல்லாம் சற்றுக் கரிக்கத்தான் செய்கிறது. குடத்தோடு வந்துகொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். மூட்டைகளில் மூன்று கார்த்திகை மழையில் கரைந்து போனதுதான் எனக்கு நட்டமே தவிர, கிணற்றில் நான் ஒன்றும் போடவில்லை. அது அவருடைய மருந்து. நீங்களே வாயில் வைத்துப் பார்த்துவிட்டீர்கள். இனி நீங்கள்தாம் சாட்சி.

என்ன சொன்னீர்கள்? மருந்து கசக்கும், கரிப்பது உப்பு என்கிறீர்களா?

அவளும் அன்று விரலை நனைத்து நாக்கில்...

இல்லை. இல்லை, தம்பி. உங்களுக்கு வயது போதாது. தவசிமுத்து சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர் பேச்சு அப்படியே உங்கள் வாயில் வருகிறது. உட்காருங்கள். ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள் என்கிறேன். பால் காய்ச்சும்போது எடுத்துச் செல்ல உங்களுக்கு ஒரு பொட்டலம் உப்புக் கட்டித் தருகிறேன். வெறுங்கையோடு போகக் கூடாது.

அண்டா கொதித்துவிட்டது. கேட்கிறதா?

நகராதீர்கள். அப்படியே நில்லுங்கள். உங்கள் செருப்பருகே ஒன்று முளைத்திருக்கிறது.